கிரியேட்டினின் 0.6: இந்த நோயாளிக்கு எவ்வளவு ஆன்டிபயாடிக்?

முட்டுக்காடு படகுத்துறையைக் கடந்து, கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால், திருப்போரூருக்கு அப்பால் ஆலத்தூர் சிட்கோ தொழிற்பேட்டை. ஆர்க்கிட் பார்மாவின் ஆலை இங்கே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த இந்த நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைம் என்ற பழைய ஆன்டிபயாடிக்குடன் சேர்த்துக் கொடுக்கும் மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நமக்குப் பெருமையான செய்தி. அந்த மருந்தின் டோஸ் அட்டவணை அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன்.

வழக்கமான அளவு செஃபிபைம் 2 கிராம், என்மெட்டாசோபாக்டம் அரை கிராம். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 2 மணி நேரம் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே போனால் அளவு பாதியாகும். மேலும் குறைந்தால் இடைவெளியும் நீளும். இதெல்லாம் மருத்துவர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் திறன் 130 மில்லியைத் தொட்டாலோ தாண்டினாலோ, அதே மருந்தை 4 மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றச் சொல்கிறது அட்டவணை. சிறுநீரகம் மிக நன்றாக வேலை செய்வதும் ஒரு பிரச்சினையா?

ஆம். செஃபிபைம் போன்ற மருந்துகள் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கிருமி சாகிறது. பைக் விபத்தில் தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் இருபது வயது இளைஞருக்கு இதயம் வேகமாக ரத்தத்தை இறைக்கிறது. சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தமும் கூடுகிறது. ஏற்றிய மருந்து சில மணி நேரத்திலேயே சிறுநீரில் போய்விடும்; அதனால்தான் மெதுவாக ஏற்றுவது. 10 நாடுகளின் 68 மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான டாலி ஆய்வில், தொற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு இரு டோஸ்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் பாதி நேரம்கூட இவ்வகை மருந்து போதுமான அளவில் நிற்கவில்லை.

லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. சிறுநீரகத் திறனைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அந்த இளைஞருக்கு 0.6 என்று வந்தால் சிறுநீரகம் மருந்தை அடித்துக்கொண்டு போகிறது என்று பொருளாக இருக்கலாம். மூன்று வாரமாகப் படுக்கையில் தசை கரைந்த முதியவருக்கும் அதே 0.6 வரலாம், அவருடைய சிறுநீரகமோ பாதி பழுதாகியிருக்கலாம். கிரியேட்டினினிலிருந்து சிறுநீரகத் திறனைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976இல் 249 பேரின் தரவிலிருந்து உருவானது. இந்த இருவரிடமும் அது தடுமாறுகிறது. முதியவருக்கு முழு டோஸ் கொடுத்தால் செஃபிபைம் மூளையைப் பாதிக்கலாம்: குழப்பம் வரலாம், வெளியே தெரியாத வலிப்பும் வரலாம். 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, கணினி மாதிரியில் போட்டு அடுத்த டோஸைக் கணிப்பதே சிறந்த வழி. அதற்கான கருவியும் ஆளும் சில பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். மற்ற இடங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். 8 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்து, அதிலும் ரத்தத்திலும் கிரியேட்டினின் பார்த்தால் போதும். உதாரணத்துக்கு, 480 நிமிடத்தில் 960 மில்லி சிறுநீர், அதாவது நிமிடத்துக்கு 2 மில்லி. சிறுநீரில் கிரியேட்டினின் 45, ரத்தத்தில் 0.6. நாற்பத்தைந்தை இரண்டால் பெருக்கி 0.6ஆல் வகுத்தால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 150 மில்லி. இவருக்கு 4 மணி நேர டிரிப்ஸ்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனை லேபிலேயே இதைச் செய்யலாம். நிலைமை நாளுக்கு நாள் மாறுவதால் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். கையால் உருட்டும் டிரிப்ஸ் சக்கரம் 4 மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடாது. படுக்கைக்கு ஒரு இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத வார்டில் இந்த அட்டவணை காகிதத்தில்தான் இருக்கும்.