ஒலியைச் சுருக்குமுன் ஒரு நிமிடம்



அண்மையில் ஒரு சகோதரி எங்களைத் தேடி வந்தார். நாங்கள் முன்பு பணியாற்றிய பங்கில், அவருடைய தாயார் பல ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடியவர். இப்போது அவர் நம்மிடையே இல்லை. "ஃபாதர், அம்மா பாடின கேசட்டை எல்லாம் நீங்கதானே கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்க? ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். சிடியைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினோம். போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் குரல் மங்கலாக வந்தது. "அம்மா குரல் கணீர்னு இருக்குமே, ஃபாதர். இதைத் தெளிவாக்க ஏதாவது சாஃப்ட்வேர் இல்லையா?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலை இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம். ஏனெனில் அந்தக் குரல் மங்கியதற்குக் காரணம் கேசட் அல்ல, நாங்களே.

கணினி ஒலியை எப்படி வாங்கிக்கொள்கிறது? ஒலி என்பது காற்றின் அதிர்வு. இடைவிடாமல் ஓடும் ஓர் அலை. கணினியோ எண்களை மட்டுமே அறியும். ஆகவே அது அந்த அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இந்த அளவுகளைத்தான் மாதிரிகள் என்கிறோம். வாசலில் கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைக்கிறார். பிறகு புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுக்கிறார். புள்ளிகள் போதுமான அளவு இருந்தால் கோலம் சரியாக வரும். குறைந்தால் நுணுக்கமான வளைவுகள் வராது.

எத்தனை புள்ளிகள் போதும்? ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளமிட்டது; கிளாட் ஷானன் 1949-இல் அதைத் தெளிவாக நிறுவினார். பதிவு செய்ய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே 1982-இல் விற்பனைக்கு வந்த இசை சிடி, நொடிக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். அதாவது, ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறிக்க 65,536 படிகள் உண்டு.

இதற்கு இடம் அதிகம் தேவை. இரண்டு தடங்கள் கொண்ட ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். அக்காலத்தில் எங்கள் கணினியில் அவ்வளவு இடம் இல்லை. அலுவலக அலமாரியிலோ கரையான் ஏறியிருந்தது. அவசரத்தில், "டெலிபோன் தரம்" என்று மென்பொருளில் இருந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். நொடிக்கு 11,025 மாதிரிகள், 8 பிட், ஒரே தடம். ஒரு மணி நேரம் 40 மெகாபைட்டுக்குள் அடங்கியது. பதினைந்து கேசட்டுகள் ஒரே சிடியில் ஏறிவிட்டன. மகிழ்ச்சியோடு கேசட்டுகளைக் குப்பைக்கு அனுப்பினோம்.

அங்கே நடந்தது என்ன? நொடிக்கு 11,025 மாதிரிகள் என்றால், அதில் பாதியான சுமார் 5,500 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியே தங்கும். அதற்கு மேலுள்ளவற்றை மென்பொருள் வடிகட்டி நீக்கிவிடுகிறது. அப்படி நீக்காவிட்டால், அவை வேறு ஒலிகளாக உருமாறி உள்ளே புகுந்து பதிவையே கெடுத்துவிடும். 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும், பெண் குரலின் மினுமினுப்பும், தாளத்தின் கணகணப்பும் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. அவையே போய்விட்டன. மேலும், 65,536 படிகள் இருக்க வேண்டிய இடத்தில் 256 படிகளே மிஞ்சியதால், மெல்லிய பகுதிகளில் கரகரப்பு சேர்ந்துகொண்டது.

அந்தப் பதிவை இன்று மீண்டும் 44,100-க்கு மாற்ற முடியாதா? மாற்றலாம், ஒரு நொடி வேலை. கோப்பு பெரிதாகும், குரல் தெளியாது. இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகளை மென்பொருள் கணக்கிட்டு வைக்குமே தவிர, வடிகட்டி எறிந்ததை அறியாது. ஊகித்து நிரப்பும் மென்பொருள்களும் இப்போது உண்டு. ஆனால் அவை தருவது அந்தத் தாயின் குரல் அல்ல; அதைப்போன்ற வேறொன்று.

எனவே, வீட்டில் பழைய கேசட் வைத்திருப்போர் நான்கு காரியங்களை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, பதிவின் அளவைக் கவனியுங்கள். கேசட் பிளேயரைக் கணினியோடு இணைத்துப் பதிவு செய்யும்போது, அளவுகாட்டி சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும். பிறகு ஒலியைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வளராது.

இரண்டாவது, முதல் பதிவை வேவ் கோப்பாக முழுத் தரத்தில் சேமியுங்கள். இடம் போதாதென்றால் 2001-இல் வந்த ஃபிளாக் வடிவம் இருக்கிறது. அது ஒரு மாதிரியையும் இழக்காமல் சுருக்கும். விரித்தால் பழையபடியே கிடைக்கும். இந்த மூலத்தின்மேல் கை வைக்காதீர்கள். இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

மூன்றாவது, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். இதற்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் போதும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்ஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்டது. பாட்டு இல்லாத இடத்தில் டேப்பின் இரைச்சலை மட்டும் சில நொடிகள் தேர்ந்தெடுத்துக் காட்டினால், அதே இரைச்சலைப் பதிவு முழுவதிலும் அது குறைக்கும். அளவோடு குறையுங்கள். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டளையில் மாற்ற வேண்டுமானால், 1991 முதல் இருந்துவரும் சாக்ஸ் என்னும் மென்பொருள் உதவும்.

நான்காவது, எம்பி3 கடைசியில் வரட்டும். உரத்த ஒலியின் நிழலில் செவிக்குப் புலப்படாதவற்றை நீக்கி, சிடி அளவில் பதினொன்றில் ஒரு பங்காகக்கூட அது சுருக்கும். கைப்பேசியில் அனுப்ப அது நல்லது. ஆனால் எம்பி3-ஐத் திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

அந்தச் சகோதரியிடம் இதையெல்லாம் சொல்லி, "தவறு எங்களுடையது, மன்னியுங்கள்" என்றோம். சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "சித்தி வீட்டுப் பரண்ல ஒரு கேசட் கிடந்த ஞாபகம். தேடிப் பார்க்கிறேன், ஃபாதர்" என்று சொல்லிப் போனார். இன்னும் செய்தி வரவில்லை. காத்திருக்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கலாம். தூசி தட்டி எடுத்து வாருங்கள். இம்முறை அவசரப்பட மாட்டோம். பதிவு முடிந்ததும் கேசட்டை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அதையும் பத்திரமாக வைத்திருங்கள்.