ஈக்வலைசர் யாரைச் சமன் செய்கிறது?

ஈக்வலைசர் என்றால் சமன் செய்வது. தொலைபேசிக் கம்பியில் நெடுந்தூரம் போகும் குரல் தன் மேல் அதிர்வெண்களை இழந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பிறந்த பெயர் அது. இன்று வீட்டறையில் கணினி வைத்துப் பாட்டுப் பதிகிற நாம் அதைக்கொண்டு செய்வதோ, யாருக்காக யார் விலக வேண்டும் என்று தீர்மானிப்பது.

ஒரு குரல், ஒரு ஆர்மோனியம், ஒரு பறை. மூன்றையும் தனித்தனி டிராக்கில் பதிந்திருக்கிறேன். தனியாகக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சேர்த்துக் கேட்டால் பாட்டின் சொல் புரியவில்லை. ஒரே அதிர்வெண் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் வலுத்தது மெலிந்ததை மறைத்துவிடும். ஒரு சொல் பிற சொற்களோடு கொண்ட வேறுபாட்டால்தான் பொருள்படுகிறது என்றார் சசூர். டிராக்கும் அப்படித்தான். 'சரியான பறையொலி' என்று தன்னளவில் ஒன்று கிடையாது; எதன் பக்கத்தில் ஒலிக்கிறது என்பதே கேள்வி. எனவே ஒரு டிராக்கை மட்டும் ஒலிக்கவிட்டு அதைத் திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

சொல்லின் தெளிவுக்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிக முக்கியம். பறையின் சிம்புக்குச்சி சுளீரென்று விழுவதும் அங்கேதான். உடனே ஒரு யோசனை வரும்: 'பறையக் கொறச்சிடுங்க.' இது எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குரலையும் ஆர்மோனியத்தையும் மையமாகவும் பறையை விளிம்பாகவும் கேட்கச் சாதியச் சமூகம் பழக்கிய காது அது. ஒலியியல் நியாயம் அதற்குப் பிறகு தேடிக்கொள்ளப்படுகிறது.

பறையின் அடி ஒரு கணம்; உடனே அடங்கிவிடும். இடைவெளியெல்லாம் நிரப்பி நிற்பது ஆர்மோனியம்தான். ஆகவே முதலில் அதில் கை வைக்கிறேன். 2500 ஹெர்ட்ஸை ஒட்டி அகலமாக 4 டெசிபல் குறைக்கிறேன். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வெண் தேய்ந்தாலும் மேற்சுரங்களிலிருந்து காது சுருதியை மீட்டுக்கொள்ளும். ஆர்மோனியத்துக்குப் பெரிய நட்டமில்லை. அடிக்குச்சியின் கனத்துக்கு இடம் கிடைக்கிறது. அதற்கப்புறமும் சொல் மறைந்தால் மட்டும் பறையில் 2 டெசிபல்.

இந்த எண்களெல்லாம் விதியல்ல. வாத்தியமும் அறையும் மாறினால் மாறும். அறையின் எதிரொலியை எந்த ஈக்வலைசராலும் எடுக்க முடியாது, மைக்கை நகர்த்தித்தான் பார்க்கணும். கூட்டுவதிலும் ஒரு மயக்கம் உண்டு: சத்தம் கூடினாலே நல்லாயிருக்கிற மாதிரி தோணும். அதனால் திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிடுங்கள். சொல் புரிய வேண்டும். பறையும் பறையாகக் கேட்க வேண்டும்.