'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போங்க: பிரியும்போது அழும் குழந்தைகள்

இன்னைக்கு நாம பேசப்போறது, ப்ளே ஸ்கூல் வாசல்லயும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி வாசல்லயும் அடிக்கடி பார்க்கிற ஒரு காட்சியைப் பத்தி. குழந்தை அம்மா துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு விடாம அழுது. சுத்தி நிக்கிறவங்க ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. அதுல அதிகமா கேட்கிற யோசனை, "அவ பார்க்காத நேரமா நைசா கிளம்பிடுங்க."

நானும் அதைத்தான் செஞ்சேன். எங்க பொண்ணுக்கு அப்போ ரெண்டேகால் வயசு, ப்ளே ஸ்கூல்ல மூணாவது நாள். அவ பிளாக்ஸ் அடுக்கிட்டிருந்தப்போ சத்தமில்லாம வெளிய வந்துட்டேன். ஒன்பதரை மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போயிட்டேன், பெருசா ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து நான் பாத்ரூம் போனாக்கூட வெளிய நின்னு கதவைத் தட்ட ஆரம்பிச்சா. ராத்திரி தூக்கத்துல கையை நீட்டி, நான் இருக்கேனானு தொட்டுப் பார்த்தா. நான் தப்பிச்சது அஞ்சு நிமிஷ அழுகையிலேருந்து. அதுக்கு விலையா போனது அவ நம்பிக்கை.

இந்தப் பயம் ஏன் வருது?

பொதுவா 8 மாசம் வாக்குல இது ஆரம்பிக்கும். ஒரு வயசிலிருந்து ஒன்றரை வயசு வரைக்கும் உச்சத்துல இருக்கும். மூணு வயசுக்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைஞ்சிடும். புது ஸ்கூல், வீடு மாறுறது, தம்பி தங்கச்சி பிறக்கிறது, உடம்பு சரியில்லாம போறது, இந்த மாதிரி நேரத்துல திரும்ப வரலாம். இது பிடிவாதமும் இல்ல, நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்ததும் இல்ல. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் அம்மா எங்கேயோ இருக்காங்கனு குழந்தைக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு. ஆனா எப்போ திரும்பி வருவாங்கனு கணக்குப் போடத் தெரியலை. அந்த இடைவெளியிலதான் பயம் பிறக்குது.

1952-ல ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்துல ஒரு ஆவணப்படம் எடுத்தார். சின்ன ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில தனியா விடப்பட்ட ரெண்டு வயசுக் குழந்தையைப் பத்தினது. அந்தக் காலத்துல பெற்றோர் வந்து பார்க்கிறதுக்கே அங்க கடும் கட்டுப்பாடு. அவரும் ஜான் பௌல்பியும் கவனிச்சது இதுதான்: குழந்தை முதல்ல அழுது எதிர்க்கும், அப்புறம் சோர்ந்துபோகும், கடைசியில அம்மாவைக் கண்டாலும் ஒட்டாம ஒதுங்கும். அதனால அழுகை நின்னுட்டதாலேயே பிள்ளை தேறிட்டதா அர்த்தம் இல்ல. 1959-ல வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமா அனுமதிக்கச் சொல்லிப் பரிந்துரைச்சது.

மேரி எய்ன்ஸ்வொர்த் செஞ்ச ஆய்வுல இன்னொரு விஷயம் தெரிஞ்சது. அம்மா போகும்போது எவ்வளவு அழுதாங்க என்பதைவிட, திரும்பி வந்ததும் குழந்தை அவங்க கிட்ட ஆறுதல் தேடிப் போகுதா, அதுல அமைதியாகுதா என்பதுதான் உறவைக் காட்டுச்சு.

இயேசு எப்படி விடைபெற்றார்?

இதை யோசிச்சுக்கிட்டே யோவான் 13 முதல் 16 வரை வாசிச்சப்போ எனக்குப் புதுசா ஒண்ணு பட்டுச்சு. சிலுவைக்கு முந்தின ராத்திரி, இயேசு தம்முடைய சீஷர்களிடம் சொல்லாமல் நழுவிப் போகவில்லை. தாம் போகப்போவதை முன்கூட்டியே சொல்கிறார். எதற்காகப் போகிறார் என்று சொல்கிறார். திரும்ப வருவேன் என்கிறார். அதுவரை கூட இருக்கத் தேற்றரவாளனை வாக்களிக்கிறார். அவர்கள் துக்கப்படுவதைத் தப்பென்று சொல்லாமல், அந்தத் துக்கம் வரும் என்றே ஒத்துக்கொள்கிறார்.

16-ஆம் அதிகாரத்துல, கொஞ்சக் காலம்னா என்ன அர்த்தம்னு சீஷர்கள் ஒருத்தரையொருத்தர் கேட்டுக் குழம்புறாங்க. வளர்ந்த ஆம்பளைங்களுக்கே அது புரியலை. நம்ம ரெண்டு வயசுக் குழந்தைகிட்ட "அப்பா கொஞ்ச நேரத்துல வந்துடுவேன்"னு சொன்னா எப்படிப் புரியும்?

வாசல்ல என்ன செய்யலாம்?

குழந்தைக்குத் தெரிஞ்ச நேரத்தைச் சொல்லுங்க. "பன்னெண்டரை மணிக்கு" வேண்டாம். "நீ சாப்பிட்டு முடிச்சதும் அப்பா வருவேன்." சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க. எங்க வேலையில, அறிவிச்சுட்டு சர்வரை நிறுத்தினா யாரும் பதற மாட்டாங்க. சொல்லாம நின்னா ராத்திரி பூரா போன் வரும். குழந்தையும் அப்படித்தான்.

விடைபெறுறதைச் சின்னதா, தினமும் ஒரே மாதிரி வெச்சுக்கோங்க. நாங்க நெத்தியில கை வெச்சு ஒரே வரி ஜெபம், ஒரு முத்தம், ஒரு டாட்டா. அப்புறம் திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது இல்ல. ஜெபத்தைப் பத்து நிமிஷம் நீட்டினா, ஏதோ ஆபத்து வருதுனுதான் பிள்ளை நினைக்கும்.

வீட்டுல சின்னச் சின்னப் பிரிவுகளைப் பழக்குங்க. ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுங்க. பாட்டிகிட்ட அரை மணி நேரம் விட்டுட்டு வாங்க. கூட்டிட்டு வரப் போகும்போது போனைப் பையில போட்டுட்டு, மண்டிபோட்டுக் கட்டிப்பிடிங்க.

"அழுதா இயேசப்பா கண்ணைக் குத்துவார்", "அழுதா விட்டுட்டே போயிடுவேன்", இந்த ரெண்டும் வேண்டவே வேண்டாம். "விசுவாசம் இருந்தா பயப்பட மாட்ட"னும் சொல்லாதீங்க. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். "அப்பா போறது கஷ்டமா இருக்கு, இல்ல? அப்பா திரும்ப வருவேன்"னு சொன்னா போதும்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

மூணு நாலு வயசு தாண்டியும் இது குறையாம, 4 வாரத்துக்கு மேல பிள்ளை ஸ்கூலுக்கே போக முடியாம தவிக்குதா? பிரியும்போதெல்லாம் வயித்துவலி, வாந்தி, கெட்ட கனவுனு தொடருதா? குழந்தை மருத்துவரைப் பாருங்க. ஜெபிக்கிறதும் டாக்டரைப் பார்க்கிறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. இன்னொண்ணு: இதுவரை சந்தோஷமா போயிட்டிருந்த பிள்ளை திடீர்னு ஒரு இடத்தையோ ஒரு ஆளையோ மட்டும் கண்டு பயந்தா, அதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. அது சர்ச்சா இருந்தாலும் சரி, சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி, என்ன நடந்ததுனு பொறுமையா கேளுங்க.

நம்ம பயம்

பிரியும்போது வலிக்கிறது குழந்தைக்கு மட்டும் இல்ல. பால் மறக்கும்வரை அன்னாள் சாமுவேலைக் கூட வைத்திருந்தாள். அப்புறம்தான் சீலோவில் கொண்டுபோய் விட்டாள். வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று 1 சாமுவேல் 2-ல் வாசிக்கிறோம். பிள்ளை இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான்னு மனசுலயே அளவெடுத்துத்தானே அந்தத் தாய் தைச்சிருக்கணும்? கர்த்தரை நம்பினவளுக்கும் ஏக்கம் இருந்திருக்கும். நமக்கும் இருக்கலாம். அதை வாசல்ல நின்னு குழந்தை முன்னாடி காட்டாம, ஜெபத்துல சொல்லுவோம்.

கடவுள் வாக்கு மாறாதவர்னு ரெண்டு வயசுக்கு விளக்க முடியாது. ஆனா "வரேன்"னு சொன்ன அப்பா வந்து நிக்கிறதைப் பார்க்க முடியும். ஒருநாள் டிராஃபிக்ல மாட்டி நான் இருபது நிமிஷம் லேட். கடைசிப் பிள்ளையா உட்கார்ந்திருந்தா. "அப்பா லேட்டாயிட்டேன், சாரிம்மா"னு சொன்னேன். நாம தவறுவோம், அவர் தவற மாட்டார். அந்த வித்தியாசத்தையும் அவ போகப்போகத் தெரிஞ்சுக்குவா.

இப்பவும் திங்கட்கிழமைன்னா அழுவா. ஆனா பாத்ரூம் கதவைத் தட்டுறது நின்னுடுச்சு. போன வாரம் நான் கிளம்பும்போது அவளே கேட்டா, "சாப்பிட்டதும் வருவல்ல?" வருவேன்னு சொன்னேன்.

உங்க வீட்டுல இது எப்படி இருந்துச்சுனு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கர்த்தர் உங்க பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.