கதிர் சிகிச்சைக்குப் போகும்போது என்ன உடுத்துவது?



கதிர் சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் குடும்பத்தார், பணம் பற்றிப் பேசி முடித்தபின் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்கிறார்கள்: "பர்தாவைக் கழற்றச் சொல்வார்களா?" இந்தக் கூச்சத்தாலேயே பாதியில் நின்றுவிடும் சகோதரிகளும் உண்டு. நாள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையும். ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

நம்மூரிலிருந்து பலரும் மதுரைக்குத்தான் போகிறார்கள். பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். மேஜையில் படுத்திருப்பது பெரும்பாலும் 10, 15 நிமிடம்தான். கதிர் பாயும்போது அறைக்குள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். வெளியிலிருந்து கேமராவில் கவனிப்பார்கள். உடலில் போட்ட அடையாளப் புள்ளிகளைப் பார்த்தே குறி வைப்பதாலும், தடித்த துணி மேலே கிடந்தால் தோலில் கதிர் கூடுதலாகப் படும் என்பதாலும், அந்த இடத்தை மட்டும் திறக்கச் சொல்கிறார்கள். மற்ற பகுதியைப் போர்த்திக்கொள்ளலாம். பெண் ஊழியர் இருந்தால் நல்லது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு திறப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். மனம் ஒப்பாவிட்டால் உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

மார்பில் சிகிச்சை என்றால், முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள பருத்தி நைட்டியும் அதன்மேல் முன்பக்கம் திறக்கும் பர்தாவும் வசதி. கம்பி வைத்த உள்ளாடை வேண்டாம். அடையாள மை துணியில் ஒட்டும், எனவே பழைய கறுப்பு, நீலத் துணியே போதும். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலைக்கு ஈடு கிடையாது. நைலக்ஸ், ஜிகினா வேலைப்பாடு எல்லாம் இந்த வெயிலில் புண்ணான தோலை உரசும்.

தலை, கழுத்துக்கு என்றால் முகத்தோடு ஒட்டிய வலை முகமூடி போடுவார்கள். அதற்குள் முக்காடு இருக்க முடியாது. கருகமணி, தோடு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வெளியே வந்ததும் மெல்லிய பருத்தித் துப்பட்டாவைத் தளர்வாகப் போட்டுக்கொண்டால் வெயிலும் தாக்காது. அந்த இடத்தில் அத்தர் பூசவேண்டாம். ஒளூ செய்யும்போது புள்ளிகளைத் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மெதுவாக ஓடவிடுங்கள்.

இடுப்புப் பகுதிக்கு ஆண்கள் கைலியே கட்டலாம். பெண்கள் உள்பாவாடை நாடாவை இறுக்காதீர்கள்.

இயந்திரத்தால் வெளியிலிருந்து கதிர் கொடுக்கும் இந்தச் சிகிச்சையில், உடுத்திய துணியில் கதிர் எதுவும் தங்காது. வீட்டுத் துணியோடு சேர்த்தே துவைக்கலாம். திரும்பி வந்த உம்மாவின் மடியில் பிள்ளையும் உட்காரலாம்.