புதிய கற்பித்தல் முறைகள் பாடசாலையில் நிலைபெறுமாறு

கல்விச் சீர்திருத்தம் என்பது இலங்கைக்குப் புதிய சொல்லன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலந் தொடங்கிப் பாடவிதானமோ, பரீட்சையோ, கற்பிக்கும் முறையோ பலமுறை மாற்றம் பெற்று வந்துள்ளது. ஆயினும் சுற்றுநிருபங்களில் எழுதப்பட்ட மாற்றங்களுட் சிலவே வகுப்பறை வாயிலைக் கடந்து உட்சென்றன. உட்சென்றவற்றுள்ளும் சிலவே தங்கின. இதற்குக் காரணம் யாதென வினவுவார்க்கு, ஆசிரியர் பழைய முறையை விடார் என்னும் விடை உடனே கிடைக்கும். அவ்விடை எளிதானது, ஆனால் உண்மையின் ஒரு கூற்றையே உணர்த்துவது.

1972ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தை எடுத்து நோக்குவோம். அதற்கு முந்திய ஆண்டில் நாட்டில் இளைஞர் கிளர்ச்சி நிகழ்ந்தது. கற்றோரின் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிச் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழுவொன்றும் அவ்வாண்டில் அறிக்கை அளித்தது. ஏட்டுக் கல்வி எழுதுவினைஞர் பதவியை நாடச் செய்கின்றதேயன்றிக் கைத்தொழிலை மதிக்கச் செய்யவில்லை என்னும் குறை அக்காலத்தில் உரத்துப் பேசப்பட்டது. இச்சூழலில் 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை யாவர்க்கும் பொதுவான பாடவிதானம் வகுக்கப்பட்டது. அதில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் மாணாக்கர் அனைவரும் பயிலல் வேண்டும் என்பது. மற்றையது தொழில் முன்னிலைப் பாடம். பாடசாலை அமைந்துள்ள சூழலின் தொழிலையே பாடமாக்கி, கைவேலையையும் ஊரின் வாழ்வையும் இணைத்துக் கற்பித்தல் இதன் நோக்கமாகும்.

நோக்கத்தில் இரண்டாவது முந்தியதினும் தாழ்ந்ததன்று. ஒருவகையில் அதுவே ஆழமானது எனலாம். எனினும் 1977இல் ஆட்சி மாறியபின் தேசிய கல்விப் பொதுச் சான்றிதழ் நீக்கப்பட்டுப் பழைய க.பொ.த. பரீட்சைகள் மீண்டபோது, தொழில் முன்னிலைப் பாடமும் மறைந்தது. விஞ்ஞானமும் கணிதமும் யாவர்க்கும் உரியன என்னும் கொள்கையோ அம்மாற்றத்திலும் அழியாது நின்றது. ஒரே நாளிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்று வாழ, மற்றையது மாண்டதற்கு அரசியல் மட்டும் காரணமாகாது. விஞ்ஞானத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒரு சிலராவது இருந்தனர், பாடநூல் இருந்தது, அதற்கப்பால் உயர்தரம், பல்கலைக்கழகம் எனச் செல்லும் வழியும் இருந்தது. ஊர்த் தொழிலைக் கற்பிக்கப் புகுந்த ஆசிரியர்க்கோ அத்தொழிலிற் பழக்கமில்லை. கருவிகளும் போதியனவாக இல்லை. பெற்றோர் அதனை ஐயத்துடன் நோக்கினர். தோட்டத்திலும் கடலிலும் தாம் பட்ட பாட்டைத் தம் பிள்ளை படாதிருக்க வேண்டுமென்றே பாடசாலைக்கு அனுப்பியவர்களுக்கு, அதே தொழில் பாடமாகத் திரும்பி வந்தமை கசந்ததில் வியப்பில்லை. பல்கலைக்கழக வாயிலிலே அப்பாடத்துக்கு மதிப்பும் இருக்கவில்லை.

1987இற் கொணரப்பட்ட தொடர் கணிப்பீடும் எதிர்ப்புக்குள்ளாகிச் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. அதுபற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை.

1998இல் கம்பகா மாவட்டத்தில் முதலில் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முந்தியவற்றினும் கவனமாகத் திட்டமிடப்பட்டது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூன்றும் வகுப்பறைக்குள் இடம்பெற்றன. முதலிரு தரங்களில் விளையாட்டு மிகுந்தும், மேலே செல்லச்செல்ல மேசை வேலை மிகுந்தும் அவை அமைக்கப்பட்டன. முதலாந் தரத்துப் பிள்ளைகளின் மகிழ்ச்சியை இம்முறை பெருக்கியதென்பதை மறுப்பாரில்லை. ஆனால் அதே பிள்ளை ஐந்தாந் தரத்திற் புலமைப்பரிசிற் பரீட்சையை எதிர்கொள்கின்றது. அதன் புள்ளிகளே பெயர்பெற்ற பாடசாலைகளின் கதவைத் திறப்பன. ஆகவே நான்காந் தரத்திலேயே, சிலவிடத்து மூன்றாந் தரத்திலேயே, செயற்பாட்டு மூலையை மாதிரி வினாத்தாள் பிடித்துக்கொள்கின்றது. மாலையில் தனியார் வகுப்பு, ஞாயிறன்றும் வகுப்பு. இங்கே ஆசிரியர் புதுமையை வெறுத்தார் என்று கூறுதல் பொருந்துமா? பெற்றோரும் அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் எந்தப் பெறுபேற்றை வினவுகின்றனரோ, அதற்கே அவர் உழைக்கின்றார்.

கடலுக்கு அப்பால் தமிழ் வகுப்பறைகளிலேயே நிகழ்ந்த மற்றொரு முயற்சி இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலிப் பள்ளியைச் சார்ந்த சிற்றூர்ப் பாடசாலைகளில் ஓராசிரியரே பல வகுப்புகளைக் கற்பிக்கும் நிலைமைக்கென அட்டைகளைக் கொண்ட முறையொன்று உருவாக்கப்பட்டிருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பாடசாலைகள் அதனைத் தழுவி, செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் நடத்தத் தொடங்கின. பிள்ளை சுவரிலுள்ள கற்றல் ஏணியில் தன் படியைக் கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து, பாயில் அமர்ந்து கற்கும்; எழுதுவதற்குப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்த கரும்பலகை உண்டு. ஏணியின் இடையிடையே வரும் மதிப்பீட்டைக் கடந்தே அடுத்த படிக்கு ஏறலாம். கற்றலும் அளத்தலும் அங்கு ஒன்றோடொன்று முரணவில்லை. 2007இல் இம்முறை தமிழ்நாட்டின் ஏறத்தாழ 37,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிக்கப்பட்டது. பாடநூலுக்கு மாற்றாக அட்டைகளும், மேடைக்கு மாற்றாகப் பாயும், ஆண்டிறுதிப் பரீட்சைக்கு மாற்றாக ஏணியும் ஒருங்கே வந்தமையால் ஆசிரியர் பழைய முறைக்குத் திரும்புதல் எளிதாக இருக்கவில்லை. எனினும் நான்கு ஆண்டுகளில் இத்தனை பெரிய விரிவு ஏற்பட்டமையால், முறையின் உட்பொருளை உணராது அட்டைகளை வரிசைப்படி விநியோகிக்கும் சடங்காக அதனை நடத்திய இடங்களும் உளவாயின. பிற்காலத்தில் அது மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. அதன் இடத்தில் வேறு திட்டங்களும் வந்தன.

பயிற்சி பற்றியும் ஒரு சொல். தலைநகரிற் சிலர் கேட்டு, அவர் மாகாணத்தவர்க்கு உரைத்து, அவர் வலயத்தவர்க்கு உரைத்து, ஈற்றில் ஆசிரியரை அடையும் பயிற்சி படிதோறும் மெலிகின்றது. குழுமுறையின் மேன்மையை மூன்று மணிநேரம் விரிவுரையாகக் கேட்டுத் திரும்பிய ஆசிரியர், தாம் கற்பிக்கப்பட்டவாறே கற்பிப்பதில் வியப்பென்ன? நன்னூற் பொதுப்பாயிரம் பாடஞ் சொல்லும் முறையை வகுக்குமிடத்து, காலமும் இடமும் மாணாக்கனின் கொள்திறனும் அறிதலை வேண்டுகின்றது. ஆசிரியரையே மாணாக்கராக வைத்து நடத்தும் பயிற்சிக்கும் அவ்விலக்கணம் பொருந்தும்.

பொதுப் பரீட்சையை மாற்றும் அதிகாரம் ஒரு கல்லூரிக்கு இல்லை. ஆனால் நேரசூசி பெரும்பாலும் அதிபர் கையில் உள்ளது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் நாற்பது பிள்ளைகளைக் குழுக்களாக்கி, ஆய்வு செய்வித்து, அறிக்கையும் கேட்டல் இயலாது. இரு பாடவேளைகளை அடுத்தடுத்து அமைத்தால் இயலும். ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் வாரத்தில் ஒருமுறை ஒருவர் வகுப்பை மற்றவர் சென்று பார்த்து வருவதற்கும் திணைக்களத்தின் அனுமதி வேண்டியதில்லை. பாடசாலை தானே அமைக்கும் தவணைப் பரீட்சைகளும் உண்டு. செய்து கற்ற பிள்ளை மட்டுமே விடையளிக்கத்தக்க இரு வினாக்கள் அவற்றில் இடம்பெறுமாயின், அடுத்த தவணையில் ஆய்வுகூடத்தின் திறப்பை மாணாக்கர் தாமே வந்து கேட்பர்.