கையடக்க இசைக்கருவி: தேர்ந்தெடுக்கும் நெறி

பனையின் இளமரத்தை வடலி என்பது தென்பாண்டி வழக்கு. அவ்வடலியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரிலிருந்து எம் கல்லூரிக்கு வந்து தமிழிலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர், ஒருநாள் வகுப்பு முடிந்தபின் நம்மை நாடி வந்தார். “ஐயா, எங்க ஆச்சிக்குப் பாட்டுக் கேட்க ஒரு கருவி வாங்கணும். எதை வாங்கலாம்?” என்று வினவினார்.

எளிய வினாவாகவே முதலில் நமக்குத் தோன்றிற்று. விவரம் கேட்டறிந்தபோதுதான் அதன் ஆழம் புலப்பட்டது. ஆச்சிக்குப் பார்வை மங்கிவிட்டது. அவர்தம் கணவர், அம்மன் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடியவர். கொடை ஒன்றில் அவர் பாடியதை எவரோ டேப் ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தனர். அந்த ஒரே ஒலிநாடாவை வீட்டார் இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்து வந்தனர். நாடாவை ஓட்டும் கருவியோ பழுதுற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விடுமுறையில் வேலை செய்து ஈட்டிய பணத்தில் ஆச்சிக்கு அக்குரலை மீண்டும் கேட்கச் செய்ய வேண்டும் என்பதே மாணவரின் வேட்கை.

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அறிவுடையோர் சொல்லைக் கேட்டல் அவர் கருதிய பொருள். இன்று அச்சொல்லும் பாட்டும் கருவி வழியாகவே பெரும்பாலும் நம் செவியை அடைகின்றன. ஆதலின் கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் நமக்கு வேண்டற்பாலதே. அம்மாணவருக்கு நாம் கூறியவற்றைப் பிறருக்கும் பயன்படுமாறு ஈண்டு தொகுத்துரைக்கின்றோம்.

கருவியின் வரலாறு

நடந்துகொண்டே இசை கேட்கும் வாய்ப்பை உலகெங்கும் பரப்பியது, ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேன். அது ஒலிநாடாவை ஓட்டியது. அடுத்த மாற்றம் எண்முறை ஒலிப்பதிவால் விளைந்தது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுவது குறுந்தகட்டின் முறை. இம்முறையில் ஐந்து நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் இடம் தேவை. அக்காலக் கையடக்கக் கருவிகள் அவ்வளவு இடத்திற்கு எங்கே போகும்?

இதற்கு வழிகண்டோருள் முதன்மையானவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவரும், எர்லாங்கன் நகரிலுள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தாரும், பிற அறிஞரும் உருவாக்கிய சுருக்கமுறையே எம்.பி.3 ஆகும். 1995ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. கொட்டு முழங்கும்போது அருகில் ஒருவர் மெல்லப் பேசுவது நம் காதில் விழுவதில்லை. அவ்வாறு பேரொலியால் மறைக்கப்படும் சிற்றொலிகளை நீக்கிவிட்டு, செவி உணர்வதை மட்டும் காத்துவைப்பதே இம்முறையின் சூட்சுமம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால், 53 மெகாபைட் பாடல் ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

1998இல் கொரிய நாட்டின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்னும் கருவியை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 32 மெகாபைட். அரைமணி நேரப் பாட்டுக்கு மேல் அதில் கொள்ளாது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 5 ஜிகாபைட் கொண்ட ஐபாடை அறிமுகம் செய்தது. பின்னர்க் கைப்பேசியே இசைக்கருவியின் பணியையும் மேற்கொண்டது. 2022 மே மாதத்தில் ஐபாடின் உற்பத்தி முடிவுற்றதாக ஆப்பிள் அறிவித்தது.

தனிக்கருவி எதற்கு?

கைப்பேசியே பாடும்போது தனிக்கருவி எதற்கு என்று வினவலாம். பலருக்கு அது தேவையில்லை என்பதே நேர்மையான விடை. எனினும், பார்வை குன்றிய முதியோருக்குத் தொடுதிரை ஒரு வழுக்குப்பாறை. விரல் எங்கு பட்டது, என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் அறியார். படிக்கும் மாணவருக்கோ பாட்டுக் கேட்கத் திறந்த கைப்பேசி வேறு பத்து வாயில்களையும் திறந்துவிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. இணையவழிச் செயலிகளில் சந்தா செலுத்திக் கேட்கும் பாடல்கள் நம் உடைமை அல்ல, அவை இரவல். சந்தா நின்றாலோ, உரிமை பெற்ற காலம் கழிந்தாலோ அவையும் நம்மை விட்டு நீங்கும்.

நம் நாட்டில் இத்தேவையை உணர்ந்து உருவானது சரிகம நிறுவனத்தின் கார்வான். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்னும் பழைய பெயரிலும் எச்.எம்.வி. என்னும் முத்திரையாலும் நம் முன்னோர் அறிந்த நிறுவனமே இது. பழங்கால வானொலிப் பெட்டியின் தோற்றத்தில், 5,000 இந்திப் பாடல்களை உள்ளடக்கி, 2017இல் கார்வான் வெளிவந்தது. பின்னர்த் தமிழ்ப் பாடல்களுக்கென்றும் தனிப் பதிப்பு வந்தது. இணையம் வேண்டா, திரையைத் தொட வேண்டா, குமிழைத் திருகினால் பாட்டு வரும். முதியோரின் கையறிந்து செய்யப்பட்ட கருவி என்று இதனைப் பாராட்டலாம்.

ஆயினும் நம் மாணவரின் ஆச்சி கேட்க விரும்பும் பாட்டு அந்த ஐயாயிரத்தில் இல்லை. எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இராது. கருவியைத் தேர்வோர் முதலில் எண்ண வேண்டியது இதுவே. ‘இதில் எத்தனை பாடல்கள் உள்ளன?’ என்று கேட்பதற்கு முன், ‘நாம் கேட்க விரும்பும் பாடல் இதில் புகுமா?’ என்று கேட்டல் வேண்டும். கார்வானில் பென் டிரைவ் செருகும் வாய் உண்டு என்பதால் அதுவும் இத்தேர்வில் வெற்றி பெறும். அவ்வாய் இல்லாத கருவி, எவ்வளவு அழகியதாயினும், பிறர் தந்ததை மட்டுமே பாடும்.

நோக்க வேண்டுவன

முதலாவது, கை. கேட்பவர் தாமே இயக்க இயல வேண்டும். கடையில் கண்களை மூடிக்கொண்டு கருவியைத் தடவிப் பாருங்கள். ஒலியைக் கூட்டும் பொத்தானும், நிறுத்தும் பொத்தானும் விரலுக்குத் தனித்தனியே தெரிகின்றனவா? தெரியவில்லையெனில் அது முதியோருக்கு ஆகாது. மெமரி கார்டு செருகும் சிறு ஒலிபெருக்கிப் பெட்டிகளும், பொத்தான் கைப்பேசிகளும் இவ்வகையில் விலைமிக்க பல கருவிகளை வென்றுவிடுகின்றன.

இரண்டாவது, நினைவு. கொள்ளளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 16 ஜிகாபைட் கார்டில், மேற்கூறிய அளவில், ஐந்து நிமிடப் பாடல்கள் 3,000-க்கு மேல் அடங்கும். தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகமது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி, ஆண்டுதோறும் தக்கலையில் இரவெல்லாம் பாடப்பெறுவது. எட்டு மணி நேரப் பாடலும் ஏறத்தாழ 460 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஆகவே கொள்ளளவைவிட முக்கியமானது, விட்ட இடத்தைக் கருவி நினைவிற் கொள்கிறதா என்பது. நெடிய வில்லுப்பாட்டையும், பயானையும், கிராஅத்தையும் கேட்போருக்கு, அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து பாடும் கருவி பெருந்தொல்லை.

மூன்றாவது, உயிர். கருவியின் உயிர் பேட்டரி. கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உடையதையே கிராமத்தார் வாங்குதல் நலம். நோக்கியா கைப்பேசிகளில் வந்த பி.எல்.5சி வகை பேட்டரியைப் பல சிறு வானொலிகளும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் ஏற்கின்றன. ஒட்டி மூடப்பட்ட பேட்டரி நலிந்தால் கருவியும் அதனோடு முடியும்.

நான்காவது, செவி. உலக நலவாழ்வு நிறுவனம், வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்போருக்கு 80 டெசிபெல் என்பதையே பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபெல் உயரும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். 83 டெசிபெலுக்கு 20 மணி, 86 டெசிபெலுக்கு 10 மணி எனக் கொள்க. கருவியின் முழு ஒலியில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டா என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. பேருந்தின் இரைச்சலை வெல்ல இயர்போனில் ஒலியைக் கூட்டும் மாணவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். கெட்ட செவிநரம்பு மீளாது.

நாம் கற்ற பாடம்

ஐந்தாவதாகச் சொல்ல வேண்டியது எம் தவற்றிலிருந்து நாம் கற்றது. சில ஆண்டுகளுக்கு முன், தப்ஸ் இசைத்து ஞானப்பாடல் பாடும் முதியவர் ஒருவரை எம் துறையார் சந்தித்து, இரண்டு மாலைப்பொழுதுகள் அவர் பாடியவற்றைப் பதிவு செய்தோம். எங்கோ மலிவாக வாங்கிய மெமரி கார்டு ஒன்றில் அவற்றைச் சேமித்தோம். அதன்மேல் 64 ஜிகாபைட் என்று எழுதியிருந்தது. வேறு படி எடுக்கவில்லை. தேர்வுப் பணிகள் முடிந்து திறந்து பார்த்தபோது, முதற் சில பாடல்கள் ஒலித்தன. எஞ்சியவற்றின் பெயர்கள் இருந்தன, பாட்டு இல்லை. போலிக் கார்டுகள் தம்மிடம் இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் கணினிக்கு அறிவிக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மீண்டும் பாடித் தருமாறு வேண்டலாம் என்று அம்முதியவரைத் தேடிச் சென்றபோது, அவர் வஃபாத்தாகிவிட்டிருந்தார். அப்பாடல்களுள் பல அச்சேறியவை அல்ல.

ஆகவே புதிய கார்டை வாங்கியவுடன் அது நிரம்பும் வரை கோப்புகளை எழுதி, அவை அனைத்தும் திரும்ப ஒலிக்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். அரிய பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பழைய ஒலிநாடாவை மாற்றும்போது, முதலில் சுருக்காத வடிவிலேயே பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வேண்டும். அதிலிருந்து எம்.பி.3 படி எடுத்துக் கருவியில் இடுங்கள். சுருக்கியபோது நீங்கிய ஒலி, பின்னர்ப் பெரிய கோப்பாக மாற்றினாலும் திரும்பாது. பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

முடிவு

பனவடலிசத்திரத்து மாணவர் இறுதியில் வாங்கியது விலை குறைந்த, பொத்தான்கள் பெரிய, பேட்டரி கழற்றக்கூடிய சிறு பெட்டி ஒன்றே. ஒலிநாடாவைத் துறையிலேயே மாற்றித் தந்தோம். நாடாவின் தொடக்கம் சற்றே சிதைந்திருந்தது, மற்றவை பிழைத்தன. ஒரு படி மாணவரிடமும், ஒரு படி துறையிலும், ஒரு படி அவர்தம் சிற்றப்பாவிடமும் உள்ளன.

இரு வாரங்கள் கழித்து அவர் ஒரு குறிப்பேட்டுடன் வந்தார். ஆச்சி பாட்டைப் பலமுறை நிறுத்தச் சொல்லி, உடுக்கை அடிப்பவர் இன்னார், பின்பாட்டுப் பாடுபவர் இன்னார், இது இன்ன ஊர்க் கொடை என்று கூறிக்கொண்டே வந்தாராம். நாடாவின் உறையில் இல்லாத அச்செய்திகளையெல்லாம் மாணவர் எழுதி வைத்திருந்தார். அதுவே அவர்தம் ஆய்வுக்கட்டுரைக்கு முதற் சான்றாதாரமாகவும் ஆயிற்று.

நம் இல்லங்களில் தாலாட்டும், முனாஜாத்தும், வில்லுப்பாட்டும், ஒப்பாரியும் அறிந்த முதியோர் இன்றும் உளர். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவர்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கருவியை அதன்பின் தேர்ந்துகொள்ளலாம்.