கடல் அறியாத சுற்றுலா

புனேயில் கடல் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் பீடபூமியில் இருக்கும் ஊர் அது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கடல் என்பது மலைப்பாதை இறங்கிப் பல மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். 2016 பிப்ரவரி 1 அன்று அபேதா இனாம்தார் கல்லூரி மாணவர்கள் நூறு பேருக்கு மேல் அப்படித்தான் ராய்கட் மாவட்டத்தின் முருட் கடற்கரைக்குப் போனார்கள். பிற்பகலில் கடலில் இறங்கியவர்களில் 14 பேர் பிணமாகத்தான் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் மாணவியர்.

ஆசிரியர்கள் கூடப் போகவில்லையா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போயிருந்தார்கள். ஆனால் துணைக்குப் போவது வேறு, தண்ணீரைத் தெரிந்திருப்பது வேறு.

கொங்கண் கடல் மெரினா போன்றதல்ல. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் மாறும். மும்பையை ஒட்டிய கரையில் சில நாட்களில் இந்த வித்தியாசம் நாலு மீட்டரைத் தாண்டிவிடும். வற்றத்தின்போது ஈர மணல் வெகுதூரம் விரிந்து கிடக்க, முழங்காலளவுதானே என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கத் தோன்றும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் திசை மாற்றும். எப்போது என்பது ஒன்றும் ரகசியமல்ல. அரசின் நில அளவைத் துறை ஆண்டுதோறும் அட்டவணையே வெளியிடுகிறது. அட்டவணை வேண்டாம், கரையில் வலை உலர்த்தும் மீனவரைக் கேட்டாலே போதும்.

ஆறுகளும் விதிவிலக்கல்ல. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலின் பியாஸ் நதியில் இறங்கிய ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடித்துச் சென்றது. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்ட இமாச்சல் உயர் நீதிமன்றம், அதில் ஒரு பங்கைக் கல்லூரியின் தலையிலும் வைத்தது. தீர்ப்பு வந்தது 2016 ஜனவரியில். அடுத்த மாதமே முருட்.

தமிழ்நாட்டிலும் நடந்தது. 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் நால்வர், திரும்பும் வழியில் மாயனூர் காவிரியில் மூழ்கினர். ஆசிரியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கமான முடிவு.

சுற்றுலா என்றதும் பெற்றோரிடம் ஒரு சம்மதக் கடிதம் கேட்பார்கள். 'நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அதில் ஒரு வரி இருந்தால், அது நிர்வாகத்துக்கான உயிர்காப்பு மிதவை, பிள்ளைக்கானது அல்ல. பெற்றோர் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீருக்கு அருகே போகிறீர்களா? போவதென்றால், அந்த இடத்தை அறிந்த உள்ளூர்க்காரர் யார் கூட நிற்பார்? நூறு பேர் போகும் சுற்றுலாவில் ஒரு மீனவரின் நாள் கூலியையும் சேர்த்தால், தலைக்குச் சில ரூபாய்தான் கூடும்.